கையால் இயக்கினால் ஓடுகிறது, கிரொன் வழியாக ஓடவில்லை: வாசிகசாலையின் காப்புப் பிரதிக்கு உதவி தேவை

வாசிகசாலைத் தொண்டர் (சுன்னாகம்)

வணக்கம். சுன்னாகத்துக்கு அருகே உள்ள எங்கள் ஊர் வாசிகசாலையில் பழைய அச்சுப் பொருள்களை ஸ்கான் செய்து சேமித்து வருகிறோம். இரண்டு அலுமாரி நிறைய இருக்கிறது: கட்டிவைத்த பத்திரிகைகள், பாடசாலை ஆண்டு மலர்கள், கும்பாபிஷேக மலர்கள், அந்தியேட்டிக் கல்வெட்டுகள் (இறந்தவர் நினைவாக அச்சிடும் சிறு நூல்கள்). 1930-இல் சுன்னாகத்திலிருந்து வெளிவரத் தொடங்கிய ஈழகேசரியின் சில கட்டுகளும் உண்டு. தாளின் விளிம்பு தொட்டாலே உதிர்கிறது. ஒரு பக்கத்தை இன்னொரு முறை விரித்து வைக்கலாம் என்ற நம்பிக்கை எல்லாக் கட்டுகளிலும் இல்லை.

நான் பாடசாலையில் தகவல் தொழில்நுட்பம் கற்பிக்கும் ஆசிரியை. லினக்ஸ் மட்டும் சொந்தமாகக் கற்றது. கணினி, வெளிநாட்டில் இருந்து வந்த உறவினர் ஒருவர் அன்பளிப்பாகக் கொடுத்த மேசைக் கணினி; உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவியிருக்கிறேன். இரண்டு ஸ்கிரிப்டுகள் (கட்டளைத் தொகுப்புகள்) எழுதினேன். 'காப்பு' என்பது உள்ளே இருக்கும் வன்தட்டிலிருந்து யு.எஸ்.பி. வெளி வன்தட்டுக்கு ஆர்சிங்க் என்ற பிரதி எடுக்கும் நிரல் மூலம் பிரதி எடுக்கிறது. 'அனுப்பு' என்பது ரொறன்ரோவில் இருக்கும் ஊரவர் ஒருவர் எங்களுக்காக ஒதுக்கித் தந்த சேர்வருக்குப் புதிய கோப்புகளை அனுப்புகிறது. குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக இயக்கும் நிரல் கிரொன்; அதன் அட்டவணை கிரொன்டாப். முழு அதிகாரமுள்ள ரூட் பயனரின் கிரொன்டாப்பில் இவற்றை இப்படி வைத்திருக்கிறேன்:

0 2 * * * காப்பு
0 18 1-7 * 0 அனுப்பு

முதலாவது நாள்தோறும் இரவு 2 மணிக்கு. அதே வரியில், ஸ்கிரிப்ட் சொல்வதையெல்லாம் அன்றைய திகதியைப் பெயராகக் கொண்ட கோப்பில் எழுதுமாறு டேட் கட்டளையையும் சேர்த்திருக்கிறேன். இரண்டாவது மாதத்தின் முதல் ஞாயிறு மாலை 6 மணிக்கு மட்டும்.

'காப்பு' டெர்மினலில் இயக்கினால் குறையின்றி ஓடுகிறது. கிரொன் வழியாக ஓடியதற்கு அடையாளமே இல்லை. வெளி வன்தட்டில் புதிய கோப்பு எதுவும் சேரவில்லை. 'அனுப்பு' அதற்கு எதிர்மாறு. மாதத் தொடக்கத்தில் தினமும் ஓடுகிறது, பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஓடுகிறது. இணைய இணைப்பின் மாத அளவு அதிலேயே கரைகிறது; பொருளாளர் காரணம் கேட்கிறார். இரண்டையும் எப்படிச் சரிசெய்வது?


கொக்குவில் மாணவன்

ரீச்சர், முதலில் பாதையைப் பாருங்கள். டெர்மினலில் நீங்கள் தட்டும் கட்டளையை உங்கள் ஷெல் (கட்டளைகளைப் படித்து இயக்கும் நிரல்) பல கோப்புறைகளில் தேடும். கிரொன் அழைக்கும் ஷெல்லுக்குப் பெரும்பாலும் இரண்டே கோப்புறைகள்தான் தெரியும். உங்கள் வீட்டுக் கோப்புறை அவற்றில் இல்லை. ஸ்கிரிப்டின் பெயருக்குப் பதிலாக மூலக் கோப்புறையிலிருந்து தொடங்கும் முழுப் பாதையை எழுதுங்கள். ஸ்கிரிப்டுக்குள் அழைக்கும் கட்டளைகளுக்கும் அப்படியே செய்துவிடுங்கள்.


கந்தர்மடத்தான்

தம்பி சொன்னதைச் செய்துவிடுங்கள், அது எப்போதும் நல்லது. ஆனால் ரீச்சர், உங்கள் கேள்விக்குள்ளேயே ஒரு சாட்சி இருக்கிறது. 'அனுப்பு' ஓடுகிறது, அளவுக்கு மீறியும் ஓடுகிறது. அப்படியானால் கிரொன் உயிரோடு இருக்கிறது, உங்கள் அட்டவணையைப் படிக்கிறது, ஏற்றுக்கொள்கிறது. ஒன்று மாலை 6 மணிக்கு ஓடுகிறது, மற்றது இரவு 2 மணிக்கு ஓடவில்லை என்றால் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: இரவு 2 மணிக்கு அந்தக் கணினியில் மின்சாரம் இருக்கிறதா? நம் ஊர் வாசிகசாலைகளில் கதவைப் பூட்டும்போது மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போவது வழக்கம்.

கிரொன் வேலை செய்யும் முறை மிக எளியது. 1979-இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே அது இருந்தது. இன்று லினக்ஸில் நாம் பயன்படுத்துவது பெரும்பாலும் 1987-இல் போல் விக்சி எழுதியதன் வழிவந்தது. நிமிடத்துக்கு ஒருமுறை விழிக்கும். நிமிடம், மணி, திகதி, மாதம், கிழமை என்ற ஐந்து கட்டங்களையும் அந்த நிமிடத்தோடு ஒப்பிடும். பொருந்தினால் இயக்கும், இல்லையென்றால் மீண்டும் உறங்கும். தவறவிட்டதை அது நினைவில் வைப்பதில்லை. நல்லூரில் பூசைக்கு மணி அடித்தால் அடித்ததுதான். பிந்தி வந்தவருக்காக மறுபடி அடிப்பதில்லை. கிரொன்னும் அப்படித்தான். 2 மணிக்கு அணைந்திருந்த கணினியை மாலை 4 மணிக்குப் போட்டால், இரவு ஒரு வேலை விடுபட்டது என்று அது உங்களுக்குச் சொல்லாது.

இதற்கென்றே அனாக்ரொன் என்று ஒன்று இருக்கிறது. ஒரு வேலை கடைசியாக எந்த நாளில் ஓடியது என்று குறித்து வைத்துக்கொண்டு, நாள் தாண்டியிருந்தால் கணினி எழும்பிய சில நிமிடங்களில் இயக்கும். உபுண்டுவின் மேசைக் கணினிப் பதிப்பில் பெரும்பாலும் ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கும். லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் டைமரிலும் 'பெர்சிஸ்டன்ட்' என்ற அமைப்பை இட்டால் இதே பயன் கிடைக்கும். ஆனால் உங்கள் இடத்துக்கு நான் வேறொன்றைச் சொல்வேன்: இரவை விட்டுவிடுங்கள். ஆள்கள் இருக்கும் மாலை நேரத்தில், பூட்டுவதற்கு முக்கால் மணி நேரம் முன்பாக ஓட விடுங்கள். இரவு 2 மணி என்பது நாள் முழுவதும் சுமையோடு இருக்கும் பெரிய சேர்வர்களுக்கு ஏற்பட்ட வழக்கம். வாசிகசாலைக் கணினிக்கு மாலை 7:15 போதும். வன்தட்டின் விளக்கு மின்னுவதை யாராவது கண்ணால் பார்க்கவும் முடியும்.

இனி முதல் ஞாயிறு. திகதிக் கட்டத்திலும் கிழமைக் கட்டத்திலும் இரண்டிலுமே நட்சத்திரம் அல்லாத ஒன்றை எழுதினால், கிரொன் 'இரண்டும் பொருந்த வேண்டும்' என்று எடுத்துக்கொள்வதில்லை. ஏதாவது ஒன்று பொருந்தினாலே இயக்கும். ஆகவே நீங்கள் எழுதிய வரியின் பொருள், 1 முதல் 7 வரை எல்லா நாளும், அதோடு எல்லா ஞாயிறும் என்பதே. மற்றக் கட்டங்களுக்கு இடையே இந்த விதி இல்லை, இந்த இரண்டுக்கு மட்டும்தான். தீர்வு: கிழமையை நட்சத்திரமாக்கி 0 18 1-7 * * என்று எழுதுங்கள். ஸ்கிரிப்டின் முதல் வரியில் இன்று ஞாயிறா என்று டேட் கட்டளையிடம் கேட்டு, இல்லையென்றால் அங்கேயே வெளியேறச் சொல்லுங்கள். பொருளாளரின் கவலை அதோடு தீரும்.

நான் அதிகம் கவலைப்படும் இடம் இதற்கு அப்பால் இருக்கிறது. மூன்று விடயங்களைப் பார்த்து எழுதுங்கள். ஒன்று, சிஸ்லாக் என்ற கணினியின் பதிவுக் கோப்பில் கிரொன் என்று தேடி, 'காப்பு' தொடங்கியதாக எப்போதாவது ஒரு வரி இருக்கிறதா? இரண்டு, வெளி வன்தட்டு எப்படி இணைகிறது: நீங்கள் பயனராக உள்நுழைந்த பிறகு தானாகத் திரையில் தோன்றுகிறதா? மூன்று, ஆர்சிங்கில் டிலீட் தெரிவைப் பயன்படுத்துகிறீர்களா? இவற்றுக்கு விடை தெரியாமல் இந்தப் பிரதியை நம்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.


வாசிகசாலைத் தொண்டர் (சுன்னாகம்)

ஐயா, மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடியே, இரவு 8 மணிக்குப் பூட்டும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிடுகிறார்கள். ஆனால் பெரிய கட்டு ஒன்றைச் செயலாக்கும் நாட்களில் இரவிலும் ஓட விடுவதுண்டு. அப்படிப்பட்ட ஓர் இரவு 2 மணிக்கு 'காப்பு' தொடங்கியதாக சிஸ்லாக்கில் வரி இருக்கிறது. அதை அடுத்து, அஞ்சல் மென்பொருள் நிறுவப்படவில்லை, வெளியீடு கைவிடப்படுகிறது என்ற பொருளில் இன்னொரு வரி.

வெளி வன்தட்டு உள்நுழைந்த பிறகுதான் தோன்றுகிறது. அண்மைக் காலமாக அதன் பெயருக்குப் பின்னால் 1 என்ற எண் தானாகச் சேர்ந்திருக்கிறது, அதைப் பொருட்படுத்தவில்லை. டிலீட் தெரிவு இருக்கிறது. பெயர் மாற்றிய கோப்புகள் இரண்டு தடவை சேராமல் இருப்பதற்காக இட்டேன். இலக்குக் கோப்புறை இல்லாவிட்டால் அதை உருவாக்கும் வரி ஒன்றும் ஸ்கிரிப்டில் உண்டு. பதிவுக் கோப்பின் பெயரில் திகதியைச் சேர்த்தது அண்மையில்தான்; அதற்கு முன் ஒரே கோப்பில் எழுதிக்கொண்டிருந்தது.


கந்தர்மடத்தான்

ரீச்சர், அந்த 1 மிக முக்கியமான தடயம். நடந்ததைச் சொல்கிறேன்.

யாரும் உள்நுழையாத நேரத்தில் உங்கள் வெளி வன்தட்டு செருகியிருந்தாலும் கோப்பு முறைமையில் இணைவதில்லை. அந்த நிலையில் 'காப்பு' ஓடியிருக்கிறது. வன்தட்டு இருக்க வேண்டிய பாதையில் எதுவும் இல்லை. ஸ்கிரிப்ட் அதே பெயரில் வெறும் கோப்புறை ஒன்றை உருவாக்கியது. ரூட் பயனராக ஓடுவதால் யாரும் தடுக்கவில்லை. பிறகு எல்லாக் கோப்புகளையும் அந்தக் கோப்புறைக்குள் பிரதி எடுத்தது. அது இருப்பது உள் வன்தட்டில். மறுநாள் நீங்கள் உள்நுழைந்தபோது உண்மையான வெளி வன்தட்டு இணைய வந்தது. அதன் பெயர் ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்ததால் 1 சேர்த்துக்கொண்டது. அந்த நாள் முதல் உங்கள் ஸ்கிரிப்ட் எழுதுவதெல்லாம், கையால் இயக்கும்போது கூட, உள் வன்தட்டுக்கே போகிறது. கோப்புறையைத் திறந்து பாருங்கள், இருக்கும். ஒரே வன்தட்டில் மூலமும் பிரதியும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் எரிந்தவை ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும். ஈழநாடு பத்திரிகையின் அலுவலகமும் அந்த நாட்களிலேயே எரிக்கப்பட்டது. வேறு எங்காவது இன்னொரு பிரதி இருந்த நூல்களை மறுபடி தேடி வாங்க முடிந்தது. ஒரே பிரதியாக இருந்தவை போனவைதான். இன்று உங்கள் அலுமாரியில் உதிரும் தாளுக்கு இரண்டாவது பிரதியாக நீங்கள் செய்வது அந்த ஸ்கான் கோப்பு. அது இரண்டு இடத்தில் இருப்பதாக நம்பிக்கொண்டு ஓர் இடத்தில் மட்டும் வைத்திருப்பது, பிரதி எடுக்காமலே இருப்பதைவிட ஆபத்து. எடுக்காதவர் எடுக்கவில்லை என்பதையாவது அறிந்திருப்பார்.

செய்ய வேண்டியவை. வெளி வன்தட்டுக்கு நிலையான இணைப்பிடம் ஒன்றை, வன்தட்டுகள் எங்கே இணைய வேண்டும் என்று குறிக்கும் எஃப்எஸ்டாப் கோப்பில் எழுதுங்கள். சாதனப் பெயரை எழுத வேண்டாம், அது மாறும். அந்த வன்தட்டை அடையாளம் காட்டும் யுயுஐடி எண்ணை எழுதுங்கள். 'நோஃபெயில்' என்ற தெரிவையும் சேர்த்தால், வன்தட்டு செருகாத நாளில் கணினி எழும்பும்போது தடுமாறாது. பிறகு ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் மவுன்ட்பொயின்ட் என்ற கட்டளையால் அந்த இடத்தில் உண்மையிலேயே ஒரு வன்தட்டு இணைந்திருக்கிறதா என்று சோதியுங்கள். இணையவில்லை என்றால் ஒரு பிழைச் செய்தியோடு நிற்க வேண்டும். கோப்புறையை உருவாக்கும் அந்த வரியை எடுத்துவிடுங்கள். இலக்கு இல்லை என்றால் வேலை தோற்கத்தான் வேண்டும்.

டிலீட் தெரிவு. இது மூலத்தில் இல்லாததைப் பிரதியிலிருந்தும் அழிக்கும். மூலக் கோப்புறை ஏதோ காரணத்தால் ஒரு நாள் வெறுமையாகத் தெரிந்தால், பிரதியையும் வெறுமையாக்கிவிட்டுத் தன் வேலையைச் செம்மையாக முடித்ததாக அது அறிவிக்கும். கையால் செய்யும்போது நம் கண் தடுத்துவிடும். கிரொன் செய்யும்போது தடுக்க யாரும் இல்லை. தானாக ஓடும் எந்த வேலைக்கும், அழிக்கும் அதிகாரம் கொடுப்பதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும். உங்களுக்கு ஏற்றது ஆர்சிங்கின் 'லிங்க்-டெஸ்ட்' தெரிவு. ஒவ்வொரு நாளும் திகதியிட்ட புதிய கோப்புறை உருவாகும். மாறாத கோப்புகள் முந்திய நாளின் கோப்போடு வன் இணைப்பாக (ஒரே தரவுக்கு இன்னொரு பெயராக) பிணைக்கப்படும், கூடுதல் இடம் பிடிக்காது. எந்தத் திகதியைத் திறந்தாலும் முழுத் தொகுப்பும் இருக்கும். இன்று தவறுதலாக அழித்ததை நேற்றைய கோப்புறையிலிருந்து எடுக்கலாம். ஒரு நிபந்தனை: வெளி வன்தட்டின் கோப்பு முறைமை வன் இணைப்பை ஏற்க வேண்டும். கடையில் வாங்கும்போது பலவற்றில் எக்ஸ்ஃபாட் இருக்கும், அது ஏற்காது. வேறொரு வன்தட்டுக்கு எல்லாவற்றையும் மாற்றிவிட்டு இதை ஈஎக்ஸ்டி4 ஆக வடிவமையுங்கள்.

இனி உங்கள் முதல் கேள்வி. அண்மைய இரவில் வேலை தொடங்கியும் எதுவும் நடக்காததற்குக் காரணம் திகதி. கிரொன்டாப் வரியில் சதவீதக் குறிக்குத் தனிப் பொருள் உண்டு: முதல் சதவீதக் குறியோடு கட்டளை முடிந்தது, அதற்குப் பின்னால் இருப்பது கட்டளைக்கு உள்ளீடு என்று கிரொன் எடுத்துக்கொள்ளும். டேட் கட்டளைக்கு ஆண்டு, மாதம், நாள் என்று நீங்கள் கொடுத்த ஒவ்வொன்றும் சதவீதக் குறியோடு தொடங்குவது. ஆகவே ஷெல்லுக்குப் போய்ச் சேர்ந்தது அடைப்புக்குறி மூடாத பாதி வரி. அது பிழை சொல்லி நின்றது. அந்தப் பிழையை அஞ்சலாக அனுப்பக் கணினியில் வழி இல்லாததால் கிரொன் அதைக் கைவிட்டது. ஒவ்வொரு சதவீதக் குறிக்கும் முன்னால் பின்சாய்கோடு இட்டால் சரியாகும். அதைவிடத் திகதி வேலையை முழுவதும் ஸ்கிரிப்டுக்குள்ளே கொண்டுபோவது நல்லது. அங்கே சதவீதக் குறி இடர் செய்யாது. கிரொன்டாப் வரியில் நேரமும் ஸ்கிரிப்டின் முழுப் பாதையும் பதிவுக் கோப்பின் பெயரும் மட்டும் இருக்கட்டும். பிழை வெளியீட்டையும் அதே பதிவுக் கோப்புக்குத் திருப்பிவிட மறக்க வேண்டாம்.

உங்கள் கோப்புகளுக்குத் தமிழிலேயே பெயர் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், வைக்கவும் வேண்டும். கிரொன் தரும் சூழலில் மொழி அமைப்பு நீங்கள் உள்நுழையும்போது இருப்பது போலவே இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. கிரொன்டாப்பின் உச்சியில் லாங் என்ற மாறிக்கு, தமிழ் எழுத்துகளையும் குறிக்கும் குறியாக்கமான யுடிஎஃப்-8 உள்ள மதிப்பை நீங்களே கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் பதிவுக் கோப்பில் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகவும் எண்களாகவும் வரக்கூடும். எந்தக் கோப்பு தவறியது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது. அங்கேயே # குறியிட்டு ஒவ்வொரு வரிக்கும் மேலே அதன் நோக்கத்தைத் தமிழில் எழுதுங்கள். உங்களுக்குப் பிறகு வரும் தொண்டருக்கு அது வேண்டும்.


மணியோசை (பருத்தித்துறை)

மெயின் சுவிட்சை அணைப்பதாக எழுதியிருந்ததால் ஒன்று சேர்க்கிறேன். பழைய கணினி என்றால் தாய்ப்பலகையில் உள்ள சி.ஆர். 2032 நாணய பற்றரியைப் பாருங்கள். அது இறந்திருந்தால், மின்சாரம் போன ஒவ்வொரு தடவையும் கடிகாரம் பழைய ஒரு திகதிக்குத் திரும்பிவிடும். இணையம் கிடைத்ததும் நேரம் திருந்தும், ஆனால் அதுவரை கிரொன் பொய்யான நேரத்தை நம்பியே வேலை செய்யும். திகதியிட்ட கோப்புறைகள் வைக்கப்போகிறீர்கள் என்றால் இது பெரிய குழப்பம்.

எங்கள் பாடசாலையில் ராஸ்பெரி பை என்ற சிறு கணினி ஒன்றைக் கொண்டு மணி அடிக்கிறோம்: தொடக்க மணிக்கு 30 7 * * 1-5, விடும் மணிக்கு 30 13 * * 1-5. ராஸ்பெரி பையில் ஐந்தாவது வகைக்கு முந்தியவற்றில் கடிகாரமே இல்லை. ஐந்தாவதிலும் பற்றரியை நாமே பொருத்த வேண்டும். 2022-இல் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு வந்த காலத்தில் மணி கண்டபடி அடித்தது. டிஎஸ்3231 என்ற சிறு கடிகாரப் பலகையைப் பொருத்திய பிறகுதான் நேரம் நிலைத்தது.

பௌர்ணமி விடுமுறையைக் கிரொன்னுக்குச் சொல்ல வழியில்லை, அது நிலவைப் பார்த்து வருவது. ஆண்டின் விடுமுறைத் திகதிகளை ஒரு கோப்பில் வரிக்கு ஒன்றாக எழுதி வைத்திருக்கிறோம். மணி அடிக்கும் ஸ்கிரிப்ட் முதலில் அதைப் பார்த்து, இன்றைய திகதி இருந்தால் பேசாமல் வெளியேறும். ரீச்சருடைய முதல் ஞாயிறு சோதனையும் இதே வகைதான்.


ரொறன்ரோவிலிருந்து

உங்கள் சேர்வரைப் பராமரிப்பவன் நான்தான், தங்கச்சி. இங்கிருந்து சில செய்திகள்.

முதலாவது நேரம். இலங்கை நேரம் உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால். 1996-இல் இருமுறை மாற்றப்பட்டு, 2006 ஏப்ரலில் மீண்டும் ஐந்தரைக்கே வந்தது. அதன் பிறகு மாறவில்லை. இங்கே ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தை நகர்த்துகிறோம். ஆகவே உங்களுக்கும் எனக்கும் இடையே கோடையில் ஒன்பதரை மணி நேரம், குளிர்காலத்தில் பத்தரை. மார்ச்சில் கடிகாரம் முன்னே போகும் ஞாயிறன்று இரவு 2 மணிக்கும் 3 மணிக்கும் இடைப்பட்ட நேரம் என்று ஒன்றே இல்லை. நவம்பரில் 1 மணிக்கும் 2 மணிக்கும் இடைப்பட்டது இருமுறை வரும். அதனால் சேர்வரை உலகப் பொது நேரத்திலேயே வைத்திருக்கிறேன். உங்கள் மாலை 6 மணி எனக்கு 12:30, கோடையோ பனியோ. கிழமையில் மட்டும் கவனம் வேண்டும்: உங்கள் வெள்ளிக்கிழமை அதிகாலை 1 மணி என்பது சேர்வருக்கு வியாழன் 19:30. கணினியின் நேர வலயத்தை எப்போதாவது மாற்றினால் கிரொன் சேவையை ஒருமுறை மறுதொடக்கம் செய்துவிடுங்கள்.

இரண்டாவது, முதல் தொகுதியை இணையம் வழியாக அனுப்ப வேண்டாம். ஏ4 பக்கம் ஒன்றை 300 புள்ளி அடர்த்தியில் வண்ணத்தில் சுருக்காமல் சேமித்தால் ஏறத்தாழ 26 மெகாபைட். பத்தாயிரம் பக்கம் என்றால் 260 கிகாபைட். வினாடிக்கு 5 மெகாபிட் ஏற்றும் இணைப்பில் அது இடைவிடாமல் ஓடினாலும் ஐந்து நாட்களுக்குக் கிட்ட எடுக்கும். நல்லூர்த் திருவிழாவுக்கு இங்கிருந்து ஆள்கள் வருவார்கள். திரும்பும்போது ஒரு வன்தட்டைக் கொடுத்துவிடுங்கள், நான் சேர்வரில் ஏற்றுகிறேன். பிறகு புதியவை மட்டும் இணையத்தில் வரட்டும். அதற்கும் ஃப்ளொக் என்ற கட்டளையால் பூட்டுப் போட்டு இயக்குங்கள். முந்திய அனுப்பல் முடியாமல் இருக்கும்போது அடுத்தது தொடங்கினால், இரண்டும் ஒரே இணைப்புக்குப் போட்டியிடும்.

மூன்றாவதுதான் நான் எழுத வந்த காரணம். ஐயா சொன்ன எல்லாவற்றையும் செய்த பிறகும் ஒரு குறை எஞ்சுகிறது. வேலை தோற்றால் பதிவுக் கோப்பில் பிழை இருக்கும், உண்மை. ஆனால் கணினியே எழும்பவில்லை என்றால் பதிவும் இருக்காது, பிழையும் இருக்காது. எல்லாம் நன்றாக ஓடினாலும் அமைதி, ஒன்றும் ஓடாவிட்டாலும் அதே அமைதி. ஓடாத கணினியால் தான் ஓடவில்லை என்று அறிவிக்க முடியாது. ஆகவே கவனிப்பவர் வேறொரு கணினியில் இருக்க வேண்டும். உங்கள் 'காப்பு' நல்லபடியாக முடிந்ததும், கடைசி வேலையாக ஒரு சிறு கோப்பை என் சேர்வருக்கு அனுப்பட்டும்: அன்றைய திகதி, மொத்தக் கோப்புகளின் எண்ணிக்கை, அவ்வளவுதான். சில பைட்டுகள், பொருளாளருக்குத் தெரியவே தெரியாது. என் பக்கத்தில் நாள்தோறும் ஒரு கிரொன் வேலை அந்தக் கோப்பின் வயதைப் பார்க்கும். மூன்று நாளுக்கு மேல் பழையதாக இருந்தாலோ, எண்ணிக்கை முன்பைவிடக் குறைந்திருந்தாலோ உங்களுக்கும் எனக்கும் மின்னஞ்சல் போகும். பூட்டிய விடுமுறை நாள்களுக்காகவே மூன்று என்று வைக்கிறேன். என் சேர்வர் விழுந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். மாதம் ஒரு முறை, எல்லாம் சரி என்றாலும் ஒரு மின்னஞ்சல் வரும். அது வராத மாதம் எனக்கு அழைப்பு எடுங்கள்.


வாசிகசாலைத் தொண்டர் (சுன்னாகம்)

ஐயா, நீங்கள் சொன்ன கோப்புறை உள் வன்தட்டில் அப்படியே இருந்தது. வெளி வன்தட்டில் இருந்த கடைசிக் கோப்பு, பெயருக்குப் பின்னால் 1 வருவதற்கு முந்திய நாளுடையது. உடனே இன்னொரு வன்தட்டு இரவல் வாங்கி எல்லாவற்றையும் அதற்கு மாற்றிவிட்டோம். பழையதை ஈஎக்ஸ்டி4 ஆக வடிவமைத்து எஃப்எஸ்டாப்பில் எழுதியாயிற்று. வன்தட்டைக் கழற்றிவிட்டு 'காப்பு' இயக்கினேன். பிழை சொல்லி நின்றது. இப்போது நேரம் 15 19 * * * என்று இருக்கிறது. பற்றரியையும் மாற்றியாயிற்று. ரொறன்ரோ அண்ணா, திகதிக் கோப்பு இன்று மாலை முதல் வரும்.

ஒரு கேள்வி மட்டும். பிரதியில் உள்ள கோப்பு மூலத்தைப் போலவே பழுதில்லாமல் இருக்கிறது என்று எப்படி உறுதிசெய்வது? படத்தைத் திறந்து பார்த்தால் சிலவற்றைத்தான் பார்க்க முடிகிறது.


கந்தர்மடத்தான்

சரியான கேள்வி. ஸ்கான் செய்த அன்றே ஒவ்வொரு கோப்புக்கும் ஷா256 கைரேகையை (உள்ளடக்கம் சிறிது மாறினாலும் மாறிவிடும் எண்ணை) கணக்கிட்டு, கோப்புறைக்கு ஒரு பட்டியலாக அதனுள்ளேயே வையுங்கள். பட்டியலும் பிரதியோடு போகும். பிறகு மாதம் ஒரு முறை வெளி வன்தட்டில் அந்தப் பட்டியலை வைத்து எல்லாக் கோப்புகளையும் சரிபார்க்கும் வேலை ஒன்றை இடுங்கள்: 0 16 15 * * பொருத்தமாக இருக்கும், நூலகம் திறந்ததும் தொடங்கிப் பூட்டுவதற்குள் முடியும். 15-ஆம் திகதி பூட்டியிருந்தால் அந்த மாதம் விடுபட்டுவிடும். அதனால் இந்த ஒன்றை மட்டும் அனாக்ரொன்னிடம் கொடுப்பது இன்னும் நல்லது. ஒரு கோப்பு பொருந்தாவிட்டாலும் அதன் பெயர் பதிவில் வரும், மற்ற இரு இடங்களில் ஒன்றிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

அதைத் தவிர, தவணைக்கு ஒரு முறை வேறு ஒரு கணினியில், பிரதியிலிருந்து மட்டும் ஒரு முழுக் கட்டைத் திரும்ப எடுத்துப் பக்கம் பக்கமாகத் திறந்து பாருங்கள். அதை மாணவர் ஒருவரிடம் ஒப்படையுங்கள். ஸ்கிரிப்டை எழுதியவர் அல்லாத ஒருவர் திரும்ப எடுக்கும்போதுதான், உங்கள் தலைக்குள் மட்டும் இருக்கும் படிகள் எவை என்று தெரியவரும். அவற்றை எழுதி வைக்கலாம்.

கிரொன்டாப்பைத் திருத்தும்போது ஓர் எச்சரிக்கை. திருத்துவதற்கான தெரிவு 'ஈ' எழுத்து, முழுவதையும் அழிப்பதற்கான தெரிவு 'ஆர்' எழுத்து. விசைப்பலகையில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கின்றன. அழிக்கும்போது அது உறுதி கேட்பதில்லை. ஆகவே 'எல்' தெரிவால் அட்டவணையைப் பட்டியலிட்டு ஒரு கோப்பில் சேமித்து, 'காப்பு' பிரதி எடுக்கும் கோப்புறைக்குள்ளேயே அதையும் போட்டுவையுங்கள். 'காப்பு' ஸ்கிரிப்டின் முதல் வேலையாகவே அதைச் செய்யலாம். நாளொன்றுக்கு ஒரு பிரதி, திகதியோடு.